ஆவணம் எதை நிரூபிக்காமல் விட்டது?

இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்காக வாதாடிய பிரிட்டிஷ் அரசியலாளர் மெக்காலே சொன்னதாக ஒரு மேற்கோள் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையோ ஒரு திருடனையோ பார்க்கவில்லை, இந்த நாட்டின் முதுகெலும்பை முறிக்காமல் இதை வெல்ல முடியாது என்று அவர் 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினாராம். அந்தத் தேதியில் அவர் லண்டனிலேயே இல்லை. 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கியவர், 1835 தொடக்கத்தில் கல்கத்தாவில் தலைமை ஆளுநர் சபையின் சட்ட உறுப்பினராக இருந்தார். அதே பிப்ரவரி 2-ஆம் தேதியிட்டு அவர் எழுதிய ஆவணம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதுதான் கல்வி பற்றிய குறிப்பு. போலி மேற்கோளில் இருக்கும் எதுவும் அதில் இல்லை. அதில் இருப்பதோ போலியைவிடப் பல மடங்கு கவனிக்க வேண்டிய வாதம்.

ஒரு பழைய ஆவணத்தில் ஆசிரியர் என்ன வாதிடுகிறார் என்று ஆராய உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது, இது அவர் எழுதியதுதானா என்பது. 1440-ல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா கேட்ட கேள்வியும் அதுதான். கான்ஸ்டன்டைன் பேரரசர் மேற்கு உலகின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் ஆவணத்தின் லத்தீன் சொற்களை அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ரோமானியப் பேரரசரின் ஆணையில், பாரசீக மாகாண ஆளுநரைக் குறிக்கும் ‘சத்ரப்’ என்ற சொல் எப்படி வந்தது என்று கேட்டார். அந்த நான்காம் நூற்றாண்டு ஆணை பிற்காலத்தில் புனையப்பட்டது என்பது சொற்களிலிருந்தே வெளிப்பட்டது.

இந்தப் படியைத் தாண்டிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பெரும்பாலானவர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். ஆசிரியர் சொன்னது சரியா தவறா என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவர் யாரிடம் பேசுகிறார்? அவர்களை என்ன செய்ய வைக்கப் பார்க்கிறார்? அதற்காக எதை நிரூபிக்கிறார், எதை நிரூபிக்கத் தேவையே இல்லை என்று விட்டுவிடுகிறார்? என் அனுபவத்தில் மூன்றாவது கேள்வியின் பின்பாதிதான் அதிகம் தருவது. ஒரு காலத்தில் எல்லோரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தது எது என்பதை யாரும் உட்கார்ந்து எழுதி வைப்பதில்லை. வாதத்தில் ஒரு படி காணாமல் போயிருக்கும் இடத்தில்தான் அது தெரியும்.

சரி, மெக்காலேயின் குறிப்பையே எடுத்துக்கொள்வோம். அது மேடைப் பேச்சும் அல்ல, பொதுமக்களுக்கான கட்டுரையும் அல்ல. தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் பிரபுவுக்கும் சபைக்கும் முன்னால் வைக்கப்பட்ட கோப்புக் குறிப்பு. அரசின் கல்விக் குழு அப்போது இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஓர் அணி சமஸ்கிருத, அரபுப் படிப்புக்கு அரசுப் பணம் தொடர வேண்டும் என்றது. மற்றது ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும் என்றது. ஆகவே மெக்காலேக்கு ஒரு முடிவு வேண்டும், ஒரு கையெழுத்து வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், குறிப்பு ஏன் நாகரிகம் பற்றிப் பேசாமல் சட்டம் பற்றிப் பேசித் தொடங்குகிறது என்பது புரியும். 1813-ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாயை ஒதுக்கச் சொன்னது. எதற்கு? இலக்கியத்தின் மறுமலர்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும், இந்நாட்டுக் கற்றோரை ஊக்குவிப்பதற்கும், அறிவியல் அறிவை அறிமுகப்படுத்திப் பரப்புவதற்கும். எதிரணி இந்த வாசகத்தைக் காட்டித்தான் பணம் கீழைக் கல்விக்கே உரியது என்றது. அந்தத் தடை நீங்காமல் மெக்காலே ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. அதனால் ‘இலக்கியம்’ என்ற சொல்லையே பிடிக்கிறார். நாடாளுமன்றம் அரபு, சமஸ்கிருத இலக்கியத்தை மட்டுமே நினைத்திருக்க முடியாது, மில்டனின் கவிதையையும் நியூட்டனின் இயற்பியலையும் அறிந்த இந்தியனைக் கற்றோன் என்று சொல்லக் கூடாதா என்கிறார்.

இங்கே தமிழில் படிப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ‘literature’ என்ற அந்தச் சொல்லுக்கு எழுத்தறிவு சார்ந்த கல்வி முழுவதும் என்ற விரிந்த பொருள் இருந்தது. நியூட்டனின் பெயர் அந்தப் பட்டியலில் இயல்பாக வந்து உட்காருவது அதனால்தான். தமிழில் ‘இலக்கியம்’ என்று எழுதியதும் நம் மனம் கவிதைக்கும் கதைக்கும் போய்விடுகிறது. மெக்காலே எதையோ திரிக்கிறார் என்று தோன்றும். அவர் அந்தச் சொல்லின் விரிவைப் பயன்படுத்துகிறார், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பில் ஒரு மூல ஆவணத்தைப் படிக்கும்போது வாதம் எந்தச் சொல்லின் மேல் நிற்கிறதோ அந்த ஒரு சொல்லையாவது மூலத்தில் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவி நமக்குப் புதிதல்ல. மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை நெறியை, அதாவது தர்க்க முறையை, விளக்கும் இடம் இருக்கிறது. ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம். ‘புகையுடைத்து ஆதலால்’ என்பது ஏது. ‘அடுக்களை போல்’ என்பது திட்டாந்தம். சொல்ல வந்தது, அதற்கான காரணம், அந்தக் காரணத்தைத் தாங்கும் எடுத்துக்காட்டு. எந்த வரலாற்று ஆவணத்தையும் இந்த மூன்று கூறாகப் பிரித்து ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். எழுதத் தொடங்கியதும் எந்தக் கூறு கனமாக இருக்கிறது, எது காலியாக இருக்கிறது என்பது கண்ணில் படும். அந்நூல் இவை ஒவ்வொன்றிலும் வரக்கூடிய போலிகளையும் விரிவாக அடுக்குகிறது.

மெக்காலேயிடம் திட்டாந்தங்கள் கொட்டிக் கிடக்கின்றன. எகிப்தின் பாஷா கல்விக்கு ஒரு தொகை ஒதுக்கினால், இளைஞர்கள் பழைய சித்திர எழுத்தைப் படிக்க வேண்டும் என்பதா அதற்குப் பொருள் என்று கேட்கிறார். ஓர் இடத்தை நல்ல காற்றுள்ள இடம் என்று நம்பி ஆரோக்கிய நிலையம் கட்டுகிறோம், எதிர்பார்த்த பலன் இல்லை, அதற்காக அதை அங்கேயே வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்தோம் என்று ஆகுமா என்கிறார். கட்டத் தொடங்கிய துறைமுக மேடை பயன்படாது என்று தெரிந்தால் வேலையை நிறுத்துவது வாக்குமீறலா என்கிறார். படிக்கும்போது தலையாட்டத்தான் தோன்றும். ஆனால் தாளில் எழுதிப் பார்த்தால், இந்த மூன்றுமே நிரூபிக்க வேண்டியதை உள்ளுக்குள் ஏற்கெனவே வைத்திருக்கின்றன. எகிப்தின் சித்திர எழுத்து வழக்கொழிந்தது. சமஸ்கிருதமும் அரபும் அன்று பயிலப்பட்டுக்கொண்டிருந்தவை, சட்டத்திலும் சமயத்திலும் புழங்கியவை. கீழைக் கல்வி பயனற்றது என்று ஒப்புக்கொண்டால்தான் அதைப் பலன் தராத ஆரோக்கிய நிலையத்தோடு ஒப்பிட முடியும். பக்கத்தையே எடுத்துத் திட்டாந்தமாக வைத்திருக்கிறார்.

அப்புறம் வருகிறது எல்லோருக்கும் தெரிந்த வரி. ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரித் தட்டு, இந்தியா, அரேபியா ஆகியவற்றின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடு. கோபம் வரவழைக்கும் வரி, கோபம் நியாயமானது. ஆனால் ஆராய்பவர் அந்த வரியைச் சுற்றியிருக்கும் வரிகளையும் பார்க்க வேண்டும். எனக்குச் சமஸ்கிருதமோ அரபோ தெரியாது என்று சற்று முன்னால் அவரே சொல்கிறார். மொழிபெயர்ப்புகளைப் படித்திருக்கிறேன், கீழைமொழி அறிஞர்களோடு பேசியிருக்கிறேன், அவர்களுடைய மதிப்பீட்டையே ஏற்றுக்கொள்ளத் தயார் என்கிறார். அவர்களில் ஒருவர்கூட இதை மறுத்ததில்லை என்று அலமாரியைக் கொண்டுவந்து வைக்கிறார். அதாவது இந்தப் பெரிய கூற்றுக்கு அவர் தரும் ஏது நூல்களிலிருந்து வரவில்லை. தன்னோடு பேசியவர்கள் மறுக்கவில்லை என்பதுதான் ஏது. நூலாசிரியரின் எழுவகை மதங்களில், அதாவது கொள்கைகளில், ஒன்றாக நன்னூல் சொல்லும் ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவே’ (பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின் மறுத்தல்) என்பதற்கு இது அச்சான உதாரணம். எதிரணியின் அறிஞர்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். அந்த அறிஞர்கள் யார், எந்த நூலைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது இல்லை.

ஆனாலும் வாதத்தின் அச்சாணி அலமாரி வரி அல்ல என்பது என் கருத்து. அதற்குச் சற்று முன்னால், அதிகம் மேற்கோள் காட்டப்படாத ஒரு வாக்கியம் இருக்கிறது. நாட்டின் இந்தப் பகுதியில் மக்கள் பேசும் மொழிகளில் இலக்கியச் செய்தியும் இல்லை, அறிவியல் செய்தியும் இல்லை, அவை வறியவை, பண்படாதவை, வேறு இடத்திலிருந்து வளம் சேர்க்காமல் எந்த நல்ல நூலையும் அவற்றில் பெயர்க்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் எல்லாத் தரப்பும் ஒத்துப்போவதாகத் தெரிகிறது என்கிறார். அவ்வளவுதான். சான்று இல்லை, உதாரணம் இல்லை, ஒப்பீடு இல்லை. இந்த வாக்கியத்தைத் தாண்டியதும் ‘எந்த மொழியில் கற்பிப்பது’ என்ற கேள்வி ‘ஆங்கிலமா, சமஸ்கிருதமும் அரபுமா’ என்று சுருங்கிவிடுகிறது. கோடிக்கணக்கான மக்கள் வீட்டில் பேசும் மொழி போட்டியிலிருந்து வெளியே போய்விட்டது, அதற்காக யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

மெக்காலேயை எதிர்த்த அணியும் அந்த வாக்கியத்தைத் தடுக்கவில்லை என்றால், இது ஒருவரின் கர்வம் மட்டும் அல்ல. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை. ஒரு காலத்தின் நினைப்பை அறிய விரும்புபவருக்கு அலமாரி வரியைவிட இந்த வரி அதிகம் சொல்கிறது. குறிப்பின் பிற்பகுதியில் தாய்மொழிகள் திரும்பி வருகின்றன. ஆங்கிலம் படித்த ஒரு வகுப்பார் உருவாகி, நமக்கும் நாம் ஆளும் கோடிக்கணக்கானவர்களுக்கும் இடையே விளக்கிச் சொல்பவர்களாக இருப்பார்கள். நாட்டு மொழிகளைச் செம்மைப்படுத்தி, மேலை அறிவியல் சொற்களால் வளப்படுத்தி, அறிவை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம் என்கிறார். ‘இரத்தத்திலும் நிறத்திலும் இந்தியர், சுவையிலும் கருத்திலும் ஆங்கிலேயர்’ என்ற புகழ்பெற்ற சொற்றொடரை மட்டும் வெட்டி எடுத்துப் படிப்பவர்கள் அதற்கு அடுத்து வரும் இந்த வாக்கியத்தைத் தவறவிடுகிறார்கள். தவறவிட்டால் அவருடைய திட்டம் பாதிதான் தெரியும்.

நிரூபிக்கத் தேவையில்லாதது எது என்ற கேள்வியை ஆசிரியரே கையில் எடுத்துக்கொண்டு ஆயுதமாக்குவதும் உண்டு. 1852 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஃபிரெடெரிக் டக்ளஸ் ஆற்றிய உரை அப்படிப்பட்டது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர், அடிமை முறையை எதிர்க்கும் பெண்கள் சங்கத்தின் அழைப்பில், அமெரிக்க விடுதலை நாளையொட்டிப் பேசுகிறார். அடிமையும் ஒரு மனிதன்தான் என்று நான் நிரூபிக்க வேண்டுமா என்று கேட்கிறார். அது ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டதுதானே என்கிறார். யார் ஒப்புக்கொண்டது? அடிமைகளை வைத்திருப்பவர்களின் சட்டமே. வர்ஜீனியாவில் கறுப்பர் செய்தால் மரண தண்டனை தரும் குற்றங்கள் 72, அவற்றில் வெள்ளையருக்கு அதே தண்டனை தருபவை இரண்டே என்று எண்ணிக்கை சொல்கிறார். குற்றத்துக்குப் பொறுப்பாக்குகிறீர்கள் என்றால் அறிவும் அறமும் உள்ள உயிர் என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரக் கூடாது என்று தென் மாநிலங்கள் சட்டம் போடுகின்றன, வயலில் மேயும் விலங்குக்கு யாராவது அப்படிச் சட்டம் போடுவார்களா?

வாதமே தேவையில்லை, சுடும் சொல்தான் தேவை என்று அவர் அங்கே சொல்கிறார். அதை அப்படியே நம்பி, இது உணர்ச்சியுரை, வாதம் இல்லை என்று எழுதுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ‘நான் வாதாட மாட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே வாதத்தை முடித்துவிடுகிறார். இதே உரையில், அரசியலமைப்புச் சட்டத்தை விடுதலையின் ஆவணம் என்று அவர் போற்றும் பகுதியும் இருக்கிறது. ‘இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையது அல்ல’ என்ற வரியை மட்டும் எடுத்தால் நாட்டையே நிராகரித்தவர் போலத் தெரிவார். முழுதாகப் படித்தால் நாட்டை அதன் சொந்தச் சட்டத்தின் முன்னால் நிறுத்திக் கணக்குக் கேட்பவர் தெரிவார்.

கேட்பவர் மாறினால் வாதம் எப்படி மாறும் என்பதற்கு அசோகரின் கல்வெட்டுகளைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில்தான் கலிங்கப் போர் வருகிறது. முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆனபின் கலிங்கத்தை வென்றார். 1,50,000 பேர் சிறைபிடித்துக் கொண்டுசெல்லப்பட்டனர், 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், அதுபோலப் பல மடங்கு பேர் மாண்டனர். பிறகு வருத்தம். நேரடியாக அடிபடாதவர்கள்கூடத் தங்கள் நண்பரும் உறவினரும் படும் துன்பத்தால் துன்பப்படுகிறார்கள் என்று போரின் தீங்கை அவர் விரித்துச் சொல்லும் பகுதி, இன்று படித்தாலும் மனத்தைத் தொடும். தம்மத்தால், அதாவது அறத்தால், பெறும் வெற்றியே சிறந்த வெற்றி, அது சோழர், பாண்டியர் நாடுகள் வரை கிடைத்திருக்கிறது என்கிறார்.

அதே கல்வெட்டில் காட்டில் வாழும் மக்களிடமும் பேசுகிறார். வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தனக்கு இருக்கிறது என்று நினைவூட்டி, கொல்லப்படாமல் இருக்கத் திருந்துங்கள் என்கிறார். பெயர்த்துக் கொண்டுபோன ஒன்றரை லட்சம் பேரைத் திருப்பி அனுப்புவது பற்றி அதில் பேச்சே இல்லை. போருக்காக வருந்தும் அரசர், அரசரின் தண்டிக்கும் உரிமையை நிரூபிக்க வேண்டியதாகவே நினைக்கவில்லை. வருத்தம் பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அந்த வருத்தம் எங்கே நின்றது என்பது இதனால் தெரிகிறது.

இந்தக் கல்வெட்டு வடமேற்கில் ஷாபாஸ்கர்ஹியில் கரோஷ்டி எழுத்தில் இருக்கிறது, ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் கிரேக்க மொழியில் இதன் பகுதி கிடைத்திருக்கிறது. கலிங்கத்திலேயே இருக்கும் தௌலியிலும் ஜௌகடாவிலும் இது இல்லை. அங்கே பதினொன்று முதல் பதின்மூன்று வரையான கல்வெட்டுகளை விட்டுவிட்டு, வேறு இரண்டு தனி ஆணைகளைப் பொறித்திருக்கிறார்கள். எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்று சொல்பவை அவை; அவற்றில் ஒன்று, அதிகாரிகள் காரணமில்லாமல் யாரையும் சிறையிலடைத்துத் துன்புறுத்தக் கூடாது என்று எச்சரிக்கிறது. போரை அனுபவித்தவர்களிடம் போரின் கணக்கைச் சொல்லவில்லை, இனி எப்படி ஆளப்படுவார்கள் என்பதைச் சொன்னார். ஒரே ஆசிரியர், ஒரே கொள்கை, இரண்டு வகைக் கேட்போர், இரண்டு வாதம். தௌலியை மட்டும் படித்த ஒருவருக்கு இந்த அரசர் எதற்காகவாவது வருந்தினார் என்பதே தெரிய வாய்ப்பில்லை.

ஆராய்ந்ததை எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் வேண்டும். ‘மெக்காலே விளக்குகிறார்’ என்று எழுதினால் அவர் சொன்னது உண்மை என்று நாமே முத்திரை குத்தியதாகிவிடும். வாதிடுகிறார், கருதுகிறார், ஊகிக்கிறார், ஒப்புக்கொள்கிறார், தட்டிக்கழிக்கிறார், சான்று காட்டுகிறார் என்று தமிழில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆசிரியர் செய்த வெவ்வேறு வேலைக்குரியது. ‘கூறுகிறார்’ என்ற ஒன்றையே பக்கம் முழுக்கப் போட்டால் ஆய்வு வெறும் சுருக்கவுரையாகிப்போகும்.

மெக்காலே காட்டும் சான்றுகளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அவர் வெறும் சொல்லலங்காரக்காரர் அல்ல, கணக்கும் வைத்திருக்கிறார். மூன்று ஆண்டுகளில் அரபு, சமஸ்கிருத நூல்களை அச்சிடச் சுமார் 60,000 ரூபாய் செலவு, விற்பனை 1,000 ரூபாயைக்கூட எட்டவில்லை. 23,000 தொகுதிகள் கிடங்கில் அடைந்து கிடக்கின்றன. பாடநூல் சங்கமோ ஆண்டுக்கு ஏழெட்டாயிரம் ஆங்கில நூல்களை விற்று 20 விழுக்காடு லாபம் பார்க்கிறது. கீழைக் கல்வி படிக்க மாணவருக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது, ஆங்கிலம் படிக்க மாணவர் நமக்குப் பணம் தருகிறார். எனவே சந்தையே தீர்ப்பு என்கிறார். எண்கள் கனமானவை. ஆனால் அவை எதற்குச் சான்று? கம்பெனி ஆட்சியில் ஆங்கிலம் எந்தக் கதவுகளைத் திறந்தது என்பதற்குச் சான்று. எந்த மொழியில் அறிவு இருக்கிறது என்பதற்கு அவை சான்றாக முடியாது. ஏது உண்மையாகவே இருக்கலாம், பக்கத்தோடு ஒட்டாமல் நிற்கலாம்.

முடிவும் வாதம் கேட்டபடி வரவில்லை. பெண்டிங்க் முழுச் சம்மதம் என்று எழுதினார், மார்ச் 7 அன்று தீர்மானம் வந்தது, பணம் ஆங்கிலக் கல்விக்குத் திரும்பியது. ஆனால் மெக்காலே மூடச் சொன்ன கல்கத்தா மதரசாவும் சமஸ்கிருதக் கல்லூரியும் மூடப்படவில்லை. மக்கள் பயன்படுத்த விரும்பும்வரை இந்நாட்டுக் கல்வி நிலையங்களை ஒழிக்கும் எண்ணம் இல்லை என்று அதே தீர்மானம் சொன்னது. இருந்தவர்களுக்கு உதவித்தொகை தொடர்ந்தது, இனி சேர்பவர்களுக்குத்தான் நின்றது. ஒரு குறிப்பில் எழுதியதெல்லாம் நடந்தது என்று கொள்வது, ஆவணம் படிப்பவர்கள் அடிக்கடி விழும் குழி.

குறிப்பின் நடுவே இன்னொரு ஆவணம் மறைந்திருக்கிறது, பலர் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். சமஸ்கிருதக் கல்லூரியில் படித்து முடித்த சிலர் குழுவுக்கு அனுப்பிய விண்ணப்பம் அது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் படித்தோம், சான்றிதழ்கள் வாங்கினோம், ஆனால் எங்களை யாரும் சீந்துவதில்லை, பிழைக்க வழியில்லை என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். மெக்காலே இதை எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா, இந்தப் படிப்பால் இவர்களுக்கே பயனில்லை, இதை நிறுத்துங்கள் என்கிறார். ஆனால் விண்ணப்பம் எழுதியவர்கள் அதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேறு பக்கம் இருந்தது, அதற்கு இதே ஏது. இத்தனை ஆண்டுகள் படிக்கவைத்தது அரசு, ஆகவே அரசு கைவிடக் கூடாது. தலைமை ஆளுநரிடம் தங்களுக்காகப் பரிந்துரைக்கும்படி வேண்டினார்கள். பெரிய பதவியோ பெரிய சம்பளமோ அவர்கள் கேட்கவில்லை. உயிர்வாழப் போதுமான ஒரு வேலை கேட்டார்கள்.